லோறன்ஸ் அவெனியூ மேற்கு

அச்சகத்தில் மரியரட்ணத்தை எல்லோரும் மாரியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மன் அவருடைய பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் மாரியோ என்று சுருக்கிவிட்டார். ஒன்பது வருடமாக அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில் ஒரு கார் மஃப்ளர் கடைக்கும் லெபனான்காரரின் பேக்கரிக்கும் நடுவே இருந்த சின்ன அச்சகம் அது. உணவகங்களின் மெனு, வீடு விற்பவர்களின் விளம்பரத்தாள், தேவாலயங்களின் ஞாயிறு மடல் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார்கள். மரியரட்ணத்துக்கு ஓஃப்செட் மெசினில் வேலை. அவருக்கு எட்டடி தள்ளி, கடதாசி வெட்டும் மெசினில் நின்றவர் நெவ்ஸாத்.

நெவ்ஸாத் மசிடோனியாவில் கோஸ்திவார் என்ற ஊரில் பிறந்த அல்பானியர். அந்த நாட்டில் அல்பானியர்கள் சிறுபான்மை. மொழி வேறு, மதம் வேறு. பழகிய புதிதில் இதை விளங்கப்படுத்துவதற்காக நெவ்ஸாத் ஒரு துண்டுக் கடதாசியில் நாட்டின் படத்தைக் கீறத் தொடங்கினார். மரியரட்ணம் பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "விளங்கிவிட்டது" என்றார். அன்றிலிருந்து இருவரும் மதியச் சாப்பாட்டை ஒன்றாகவே சாப்பிட்டார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அச்சகத்தில் கற்ற உடைந்த ஆங்கிலம்தான். ஆறு வருட நட்புக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நட்பு 1998ஆம் ஆண்டுக் கோடையில் பழுதாகத் தொடங்கியது. நெவ்ஸாத்தை அவருடைய கட்சியின் ரொறன்ரோக் குழுவுக்குச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள்.

அல்பானியர் மரபுக் கட்சி என்று அதற்குப் பெயர். "பழைய ஆட்களின் கட்சி, மாரியோ" என்று நெவ்ஸாத் சொன்னார். "பள்ளிவாசல், குடும்பம், காணி, மொழி. பிள்ளைகள் தங்கள் மொழியில் பல்கலைக்கழகம் வரை படிக்க வேண்டும். அவ்வளவுதான். துவக்கு இல்லை, புரட்சி இல்லை. கூட்டத்தில் பியர்கூட இல்லை." ஒக்ரோபரில் மசிடோனியாவில் பாராளுமன்றத் தேர்தல். ரொறன்ரோவிலும் ஹமில்ரனிலும் பிறம்ரனிலும் இருந்த அல்பானியக் குடும்பங்கள் ஊரில் உள்ள உறவினர்களுக்குத் தொலைபேசி எடுத்து, இந்தக் கட்சிக்கு வாக்குப் போடச் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஒழுங்குபடுத்துவதுதான் செயலாளரின் பொறுப்பு.

மரியரட்ணம் கைகொடுத்து வாழ்த்தினார். வாழ்த்திவிட்டு மெசினுக்குத் திரும்பியவருக்கு நெஞ்சுக்குள் புளித்தது. மத்தியானம் சாப்பிட்ட மீன்குழம்பு என்றுதான் முதலில் நினைத்தார்.

மரியரட்ணமும் ஒருகாலத்தில் கட்சிச் செயலாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்து இளவாலையில் தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டே, தேர்தலில் நின்று பாராளுமன்றத்தில் தமிழருக்காகப் பேசிய கட்சியின் ஊர்க்கிளையை ஏழு வருடம் நடத்தினார். அவர்களும் பல்கலைக்கழகத்தையும் மொழியையும் காணியையும்தான் கேட்டார்கள். பிறகு ஒருநாள் அவருடைய வீட்டுப் படலையில், கட்சியை விடாவிட்டால் உயிர் இருக்காது என்று ஒரு கடிதம் செருகியிருந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. மறுநாளே பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போய், தான் இனி எந்த அரசியலிலும் ஈடுபடமாட்டேன் என்று நான்கு வரி அறிவித்தல் கொடுத்தார். அந்த மாதத்தில் அப்படி அறிவித்தல் கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. அவரை மேடையில் பெயர் சொல்லி அழைத்த தலைவர்களில் மூன்று பேர் அடுத்த சில வருடங்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரொறன்ரோவில் இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, கேட்டவரும் இல்லை.

இப்போது அச்சகத்து ஃபாக்ஸ் மெசினில் நெவ்ஸாத்துக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. கோஸ்திவாரில் இருந்த கட்சி அலுவலகத்தின் முத்திரையோடு வந்தன. ஃபாக்ஸ் மரியரட்ணத்தின் மெசினுக்குப் பக்கத்தில் இருந்தபடியால் அவர்தான் எடுத்துக் கொடுப்பார். ஒருதடவை கொடுக்க முன்னர் அந்த முத்திரையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அவருடைய கிளைக்கும் ஒரு முத்திரை இருந்தது. அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுத்தான் கொழும்புக்கு ரயில் ஏறினார்.

நெவ்ஸாத் வாயைத் திறந்தால் கட்சிதான். கூட்டம் நடத்துவது எப்படி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நான்கு கிழவர்கள் இருக்கிறார்கள், மாரியோ. யார் முதலில் பேசுவது என்று சண்டை. ஒருவர் எல்லாவற்றுக்கும் கத்துவார். என்ன செய்ய?"

"கத்துகிறவருக்கு நன்றியுரையைக் கொடு" என்றார் மரியரட்ணம்.

"ஏன்?"

"கடைசிவரைக்கும் இருந்தே ஆகவேண்டும். யாருக்கு நன்றி சொல்லப் போகிறாரோ அவரைப் பார்த்துக் கத்தவும் முடியாது."

நெவ்ஸாத் அடுத்த திங்கட்கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். கூட்டம் ஒழுங்காக நடந்ததாம். கத்துகிற கிழவர் நன்றியுரை சொல்லும்போது அழுதேவிட்டாராம். "எங்கே படித்தாய் இதையெல்லாம் என்று தலைவர் கேட்டார். அனுபவம் என்று சொன்னேன்" என்று நெவ்ஸாத் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

யாருடைய அனுபவம் என்று மரியரட்ணம் கேட்கவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் அந்தத் தட்டலின் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி கிளடிஸ் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். ஒரு ஞாயிறு நெவ்ஸாத் வீட்டுக்கு வந்து, செப்ரெம்பர் பதின்மூன்றாம் திகதி நடக்கப்போகும் பெரிய கூட்டத்துக்கு இருவரையும் அழைத்தார். கட்சியின் வேட்பாளர் ஒருவர், இளைப்பாறிய தலைமையாசிரியர், மசிடோனியாவிலிருந்து பேச வருகிறார் என்றார். நெவ்ஸாத் போனபிறகு கிளடிஸ் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனைப் பாத்தனீங்களே? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கிறார். ஒரு காரியம் எண்டு இருந்தால்தான் ஆம்பிளைக்கு முகத்தில ஒரு களை."

"அப்ப எனக்கு என்ன, களை இல்லையோ?"

"நான் உங்களைச் சொன்னனானே? எல்லாத்தையும் உங்கட தலையில போடாதேங்கோ." அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "நான் அவையளுக்கு நூறு றோல்ஸ் செய்து குடுக்கப்போறன். றிம்ஸான் தம்பியின்ர கடையில ஹலால் இறைச்சி வாங்கி வாங்கோ."

ஓகஸ்ட் கடைசியில் நெவ்ஸாத் கூட்டத்துக்கான துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். முதலாளி அனுமதி கொடுத்திருந்தார். உறவினர் ஒருவர் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுத்த தாள். மேலே கழுகுச் சின்னம், நடுவே அல்பானிய மொழியில் நீண்ட அழைப்பு, அடியில் ஆங்கிலத்தில் மண்டபத்தின் முகவரி. மரியரட்ணத்துக்கு அல்பானிய மொழி தெரியாது. ஆனால் முகவரியைப் பார்த்த உடனேயே பிழை கண்ணில் குத்தியது.

மண்டபம் இருந்தது லோறன்ஸ் அவெனியூ கிழக்கில், அச்சகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில். தாளில் இருந்ததோ லோறன்ஸ் அவெனியூ மேற்கு. அந்தத் தெரு நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை போகிறது. ஒரே இலக்கம் கிழக்கிலும் இருக்கும், மேற்கிலும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் காரில் முக்கால் மணித்தியாலம்.

அவர் பேசாமல் ஒரு தாளை மாதிரிக்கு அடித்து நெவ்ஸாத்திடம் நீட்டினார். அச்சகத்தின் வழக்கம் அது. வாடிக்கையாளர் பார்த்து, சரியென்று கையெழுத்து வைத்தால்தான் மிச்சத்தை அடிப்பார்கள்.

"வடிவாகப் பார். எல்லாம் சரியா?"

நெவ்ஸாத் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அல்பானியப் பகுதியை இரண்டு தரம் வாசித்தார். ஒரு எழுத்துக்கு மேலே இருக்கவேண்டிய இரண்டு புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகவரிக்கு அவர் பார்வை போகவே இல்லை. மண்டபம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியுமே.

"சரி" என்று கையெழுத்து வைத்தார்.

சொல்வதற்கு மரியரட்ணத்துக்கு அப்போதும் நேரம் இருந்தது. மெசின் சூடாகும் வரைக்கும் நின்றார். நெவ்ஸாத் தன் நெஞ்சில் தட்டியது நினைவுக்கு வந்தது. பொத்தானை அழுத்தினார். அறுநூறு தாள் ஓடி முடிந்தது. அவற்றை அளவாக வெட்டி அடுக்கியது நெவ்ஸாத்.

கூட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கு. கிளடிஸ் றோல்ஸ் தட்டுகளை மேசையில் பரப்பினாள். இருநூறு கதிரைகள் போட்டிருந்தார்கள். மரியரட்ணத்தை முதல் வரிசையில், வேட்பாளருக்குப் பக்கத்தில் நெவ்ஸாத் இருத்தினார். இரண்டரைக்கு மண்டபத்தில் இருந்தது முப்பது பேர். எல்லோரும் அயலில் வசிக்கும், மண்டபம் தெரிந்தவர்கள். நெவ்ஸாத் கழுத்துப்பட்டியோடு வாசலில் நின்று தெருவைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே வருவார், கதிரைகளைப் பார்ப்பார், திரும்பவும் வெளியே போவார்.

அந்த முதல் அரைமணித்தியாலம் மரியரட்ணத்துக்கு உள்ளுக்குள் இனித்தது. பிறகு அவர் இதைச் சொன்ன எவரிடமும் அந்த இனிப்பை மறைக்கவில்லை. நீயும் பார், ஆளில்லாத கதிரைகளை நீயும் பார் என்று அவர் மனம் சொன்னது.

மூன்று மணிக்கு வேட்பாளர் பேசத் தொடங்கினார். முப்பது பேருக்கு முன்னால், இருநூறு பேருக்குப் பேசுவதற்குத் தயார்செய்த பேச்சு. பாதியில் கதவு திறந்தது. பிறம்ரனிலிருந்து ஒரு குடும்பம். வயதான மனிதர் ஒருவர் கையில் துண்டுப்பிரசுரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியபடி வந்தார். அவர்தான் கத்துகிற கிழவர் என்று மரியரட்ணம் உடனே ஊகித்தார். அவருக்குப் பின்னால் மருமகள், சீஸ் வைத்துச் சுட்ட பணியாரம் நிறைந்த பெரிய தட்டோடு நின்றாள். தட்டை மூடியிருந்த துணி நனைந்திருந்தது. மேற்கில் அந்த இலக்கத்தில் பூட்டிக்கிடந்த ஒரு ரயர்க் கடைதான் இருந்ததாம். மழைக்குள் அங்கே நாற்பது கார்கள் நின்றனவாம். ஹமில்ரன்காரர்கள் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்களாம்.

ரொறன்ரோக் குழுவின் தலைவர் ஸ்கெண்டர், கூரை வேலைக் கொன்ட்ராக்டர், பெரிய உருவம். பிரசுரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நெவ்ஸாத்திடம் ஏதோ கேட்டார். நெவ்ஸாத் தன் கோட்டுப் பையிலிருந்து மடித்த மாதிரித் தாளை எடுத்து விரித்தார். கையெழுத்தைக் காட்டினார். ஒரு சொல்தான் சொன்னார். அது 'நான்' என்பதாகத்தான் இருக்கும் என்று மரியரட்ணத்துக்கு மொழி தெரியாமலே விளங்கியது.

நாலரைக்கு வேட்பாளரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். போகும்போது அந்தத் தலைமையாசிரியர் நெவ்ஸாத்தின் தோளில் கைவைத்தார். நெவ்ஸாத்தின் வாய் கோணியது.

கார் வோர்டன் வீதியைத் தாண்டியது. கிளடிஸ் கேட்டாள்.

"அந்தப் பேப்பரை நீங்கள்தானே அடிச்சனீங்கள்?"

"ஓம்."

"ஒன்பது வருசமாய் வீட்டுக்கு வாற கடதாசி எல்லாத்திலயும் பிழை பிடிக்கிறனீங்கள். கோயில் மடலில ஒரு கொமா விட்டாலும் பாதருக்குப் போன் எடுக்கிறனீங்கள். இது உங்கட கண்ணில படேல்லையோ?"

வைப்பர் போய்வந்தது.

"பட்டது" என்றார்.

"பிறகு?"

"பேசாமல் விட்டிட்டன்."

"ஏன்?"

"அவனுக்குக் கட்சி இருக்கு, கிளடிஸ்."

அவள் முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்தாள். வீட்டு வாசலில் கார் நின்றதும் சொன்னாள். "அந்தப் பிள்ளை பணியாரத் தட்டோட ஈரத்தில நிண்டாளே. அவள் உங்களுக்கு என்ன செய்தவள்? நாளைக்கே அந்த மனுசனிட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

மறுநாள் நெவ்ஸாத் வேலைக்கு வரவில்லை. செவ்வாய் வந்தார். மதியம் இருவரும் அச்சகத்தின் பின்பக்கம், கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்றார்கள். மரியரட்ணம் சுற்றிவளைக்காமல் சொன்னார். நெவ்ஸாத்துக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"நீ கேட்டாய்" என்றார் நெவ்ஸாத். "எல்லாம் சரியா என்று என்னைக் கேட்டாய்."

"கேட்டேன்."

"பிழை தெரிந்துகொண்டே கேட்டாய்."

"தெரிந்துகொண்டே."

"ஏன்?"

அப்போதுதான் மரியரட்ணம் முதல்தடவையாகத் தன் கதையைச் சொன்னார். ஏழு வருடம், படலைக் கடிதம், நான்கு வரி அறிவித்தல், மூன்று மரணங்கள். உடைந்த ஆங்கிலத்தில் அது மிகச் சிறிய கதையாக இருந்தது. "உனக்கு ஃபாக்ஸ் வரும்போதெல்லாம் எனக்கு எரிந்தது" என்று முடித்தார்.

நெவ்ஸாத் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உன் கட்சியைக் கொன்றது நான் இல்லை, மாரியோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை, போர்மன் மூலமாகத்தான் மரியரட்ணம் மிச்சத்தை அறிந்தார். சனி மத்தியானம் குழு கூடுகிறது, புதிய செயலாளரைத் தெரிவு செய்யப் போகிறார்கள். கிளடிஸிடம் சொன்னபோது அவள் அவருடைய வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணிக் கதிரையில் போட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கூட்டம் ஒரு அல்பானியரின் கோப்பிக் கடையில். பதினான்கு பேர் இருந்தார்கள். நெவ்ஸாத் ஒரு மூலையில். மரியரட்ணம் உள்ளே போய், இருக்கச் சொன்னபோதும் இருக்காமல், நின்றபடியே சொன்னார். "பிழையை நான் அச்சடிக்க முன்னமே கண்டேன். வேண்டுமென்றே விட்டேன். நெவ்ஸாத் மீது எனக்குப் பொறாமை. அவரைத் தண்டிக்காதீர்கள்."

ஸ்கெண்டர் அதை மொழிபெயர்த்தார். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"மிஸ்டர் மாரியோ" என்றார் ஸ்கெண்டர், "நண்பனுக்காகப் பழியை ஏற்க வந்திருக்கிறீர்கள். நல்ல மனம். ஆனால் கொஞ்சம் நம்பக்கூடிய பொய்யாகச் சொல்லுங்கள். இலங்கைக்காரர் ஒருவருக்கு எங்கள் சின்னக் கட்சிமேல் என்ன பொறாமை?"

"இது பொய் இல்லை. சத்தியம்."

"பாருங்கள், சத்தியமும் பண்ணுகிறார்!"

எவ்வளவுக்கு அவர் அழுத்திச் சொன்னாரோ அவ்வளவுக்கு அவர்கள் நம்ப மறுத்தார்கள். பிறம்ரன் கிழவர் எழும்பிவந்து, அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கிழவரின் கண் கலங்கியிருந்தது. ஸ்கெண்டர் மூலைக்குத் திரும்பி, "நெவ்ஸாத், நீ என்ன சொல்கிறாய்?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டார்.

நெவ்ஸாத் கோப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கையெழுத்து என்னுடையது" என்றார்.

அது உண்மை. அதைக் கேட்டதும் கடையில் கைதட்டல் எழுந்தது. இப்படி ஒரு நண்பனும், நண்பன்மேல் பழியைப் போடாத இப்படி ஒரு மனிதனும் இருக்கும்போது புதிய செயலாளர் எதற்கு என்று பிறம்ரன் கிழவர் கத்தினார். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. மரியரட்ணத்துக்கு முன்னால் யாரோ கோப்பியும் இனிப்பும் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அவற்றைத் தொடவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு கட்சிக்கூட்டம் தனக்காகக் கைதட்டுகிறது என்ற நினைப்பும், அந்தக் கைதட்டலில் ஒன்றுகூடத் தனக்குச் சேராது என்ற நினைப்பும் சேர்ந்தே வந்தன. வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதார்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை நெவ்ஸாத் அவரோடு வேலைக்கு வேண்டியதை மட்டுமே பேசினார். "எத்தனை தாள்?" "எட்டு அங்குலமா?" அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டைத் தன் காருக்குள் இருந்து சாப்பிட்டார். ஃபாக்ஸ் வந்தால் தானே நடந்துவந்து எடுத்தார். மரியரட்ணம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் நெவ்ஸாத்துக்கு ஒரு கரைச்சல் என்று நினைத்தார்.

நொவெம்பர் இரண்டாம் திகதி, திங்கள் காலை. மசிடோனியத் தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு முதல்நாள் முடிந்திருந்தது. நெவ்ஸாத் நித்திரை கொள்ளாத கண்களோடு வந்தார். கோட்டைக் கழற்றாமல் நேராக ஓஃப்செட் மெசினுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மூன்று இடம்" என்றார். "தலைமையாசிரியரும் வென்றுவிட்டார்."

மரியரட்ணம் மெசினை நிறுத்தினார். "சந்தோசம், நெவ்ஸாத்" என்றார். பிறகு, மறைக்க இனி எதுவும் இல்லை என்று தோன்றியதால், "எனக்கு இப்போதும் எரிகிறது" என்றார்.

"தெரியும். அதனால்தான் முதலில் உன்னிடம் வந்தேன். இந்த அச்சகத்தில் மூன்று இடம் என்றால் என்ன என்று வேறு யாருக்குத் தெரியும்?"

நெவ்ஸாத்தின் முகத்தில் வெற்றி முழுதாக இல்லை.

"எங்கள் கட்சிக்காரர் அரசாங்கத்தோடு சேரப் போகிறார்களாம்" என்றார். "ஒரு மந்திரிப் பதவிக்காக. பல்கலைக்கழகத்தை இப்போது பேச வேண்டாமாம். அறுநூறு பேரைத் தொலைபேசியில் பிடித்து நான் அதைச் சொல்லித்தானே வாக்குக் கேட்டேன்? இன்றைக்கே கோஸ்திவாருக்கு, கட்சித் தலைவருக்கு எழுதப் போகிறேன். கடுமையாக எழுதப் போகிறேன். இனி எனக்கு அவர்களோடு வருடக்கணக்கில் சண்டை."

சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றிக்கொண்டே தன் மெசினுக்குப் போனார். நடையில் கோபம் தெரிந்தது. மரியரட்ணம் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். வென்ற மூன்று இடத்துக்கு எரிந்ததைவிட இதற்குத்தான் அவருக்கு அதிகமாக எரிந்தது. கோபித்து எழுதுவதற்கு அவனுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். கடிதம் போனால் வாசிக்க அங்கே ஆள் உயிரோடு இருக்கிறது.

பிறகு அவரும் அன்றைய முதல் தாளை மெசினுக்குள் வைத்தார்.